நாலாம் நம்பர் ஃபீல்டில் ஒரு பூச்சி

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் இன்டர்நெட் படுத்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து ஒரு மீசைக்காரர் வந்தார். சுவரில் இருந்த பெட்டியைத் தட்டினார். லேப்டாப்பைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க லைன்ல பாக்கெட் லாஸ் ரொம்ப இருக்குங்க" என்றார்.

என் கணவரின் கை சட்டென்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. "அதெப்படிங்க... நான் இன்னைக்கு வெளியவே போகலீங்களே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வந்தவர் நல்ல மனிதர். சிரிக்காமல் விளக்கினார். நாம் அனுப்புகிற சேதியை நெட் முழுசாகத் தூக்கிக்கொண்டு போகாதாம். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புமாம். அந்தப் பொட்டலத்துக்குத்தான் பாக்கெட் என்று பெயர். வழியில் நாலு பொட்டலம் காணாமல் போனால் பாக்கெட் லாஸ். அவ்வளவுதான் சமாசாரம்!

அவர் கிளம்பிப் போன பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் இரண்டே வார்த்தை சொன்னார்:

"நாலாம் நம்பரு..."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உங்களிடம் நான் எதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்? ஸ்கூட்டர் பழகி ரேஷன் கடைக்குள் நுழைந்தது, தலைச்சாயம் போட்டு மூஞ்சி வீங்கியது... எல்லாம் சொன்னேன். இதை மட்டும் இத்தனை வருஷம் அமுக்கி வைத்திருந்தேன். இனி அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஏலப்பாறை பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். நான் பிறந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நெல்லும் கடலையும் விளைகிற வீடு. என் கணவருக்கு அந்த எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர் உத்தியோகம்; அதாவது, இலையைத் தூளாக்குவதை மேற்பார்க்கிற வேலை. கல்யாணமாகி மலை ஏறினேன். டைப்பிங் பாஸ் செய்திருந்ததால் எனக்கும் எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது.

ஒருநாள் கொச்சியில் இருந்த ஹெட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்களாம்! ஒவ்வொரு எஸ்டேட்டிலிருந்தும் ஒரு ஆளை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். எங்கள் மேனேஜர் – எஸ்டேட்டில் அவரைத் துரை என்பார்கள், ஆனால் பக்கா மலையாளி – என்னை அனுப்பினார். ஏன் என்னை? டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏதோ தூரத்துச் சொந்தம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கொச்சிக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நாலு இரும்பு பீரோவை வரிசையாக நிறுத்தினாற்போல இருந்தது. அது இருந்த அறையில் எங்கள் மலையைவிடக் குளிர். அங்கே மாத்யூ என்று ஒரு சார். முதல் நாள் இன்புட், அவுட்புட், டேட்டா, மெமரி என்று அடுக்கினார். நான் நோட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் என்ன பாடம் தெரியுமா? 'கம்ப்யூட்டர் துறைச் சொற்கள் – அர்த்தமும் விளக்கமும்'.

நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை.

சாந்தன்பாறையிலிருந்து வந்திருந்த இன்னொரு டைப்பிஸ்ட், "கப்பல் பாக்கப் போவமா?" என்றாள். கப்பலா, சொற்களா என்று கேட்டால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பெரிய கப்பல் இரண்டு பார்த்தோம். ஆளுக்கு ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம்.

மலைக்குத் திரும்பியபோது என் நடையே மாறிவிட்டது. பஸ் ஸ்டாப்பில், மருந்தாபீஸில், கோயிலில் – எங்கே பார்த்தாலும் "கம்ப்யூட்டரம்மா வந்தாச்சு" என்றார்கள். நான் எதைக் கேட்டாலும் மெல்லத் தலையாட்டினேன். தெரிந்ததற்கும் ஆட்டினேன். தெரியாததற்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன்.

பிறகு படிவங்கள் வந்தன. கட்டம் கட்டமாகப் போட்ட நீளக் காகிதம். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. முதல் பகுதியில் நம்பர், இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் ஆணா பெண்ணா, நான்காவதில் பிறந்த தேதி. நான் எழுதி அனுப்பினால், கொச்சியில் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு மிஷினுக்குக் கொடுப்பார்கள்.

நம்பர், பெயர் எல்லாம் சுலபம். பிறந்த தேதி? நான் முதலில் விசாரித்த பெண், "நல்ல மழ பேஞ்ச நாளுன்னு எங்கம்மா சொல்லும்" என்றாள். அந்த மலையில் வருஷத்தில் பாதி நாள் நல்ல மழைதான். அடுத்தவள் தன் தங்கச்சியைவிட மூத்தவள் என்பது வரை உறுதியாகச் சொன்னாள். ஐந்து பேரைக் கேட்டேன். நோட்டை மூடிவிட்டேன்.

ஆபீஸில் உட்கார்ந்து, முகத்தை நினைத்துப் பார்த்து வருஷத்தைக் குத்துமதிப்பாகப் போட்டேன். தேதியும் மாதமும்? எல்லோருக்கும் என் பிறந்த நாளையே கொடுத்தேன். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், நல்ல நாளாக இருக்கட்டுமே!

மூன்று வாரம் கழித்து ஏலப்பாறை போஸ்ட் ஆபீஸிலிருந்து ஒரு தந்தி வந்தது. துரை என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் கண்டக்டர் இசக்கிமுத்தும் நின்றுகொண்டிருந்தார். பஸ் கண்டக்டர் இல்லை. எஸ்டேட்டில் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரிக்கு அந்தப் பெயர். சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். ஐம்பது வயது. செடியைத் தூரத்திலிருந்து பார்த்தே அதற்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவார்.

துரை தந்தியை நீட்டினார். ஹெட் ஆபீஸ் அனுப்பியது. இங்கிலீஷில் ஒரே வரி: "பக் இன் ஃபீல்டு ஃபோர், ரெக்டிஃபை இம்மீடியட்லி."

எஸ்டேட்டில் மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபீல்டு. பக் என்றால் பூச்சி. தேயிலைக் கொழுந்தில் சாறு உறிஞ்சிக் கருக்கிவிடுகிற பூச்சிக்கு அங்கே எல்லோரும் சொல்கிற பேரே அதுதான். ஆக, நாலாம் நம்பர் ஃபீல்டில் பூச்சி. உடனே சரி செய்க!

இசக்கிமுத்து கொதித்துப்போனார். "என் நாலாம் நம்பர்லயா? யாரு சொன்னா? நேத்து சாயந்தரம்தான் சுத்திப் பாத்துட்டு வந்தேன். கொழுந்து கண்ணாடி மாதிரி நிக்கி. ஒரு பூச்சியையும் காங்கல!"

துரை என் பக்கம் திரும்பினார். "சரோஜினி, கொச்சியில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு இவிடத்தெ பூச்சி எங்ஙனெ அறியும்?"

இங்கேதான் நான் "தெரியலீங்க சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வாயில் வரவில்லை. கம்ப்யூட்டரம்மா அல்லவா?

"நாம வாராவாரம் கொழுந்து எடை அனுப்பறமுங்க சார்" என்றேன். "அதையெல்லாம் மெமரியில வெச்சிருக்குமுங்க. நாலாம் நம்பர்ல எடை கொறைஞ்சிருக்கும். ஒப்பிட்டுப் பாத்து, பூச்சி இருக்குன்னு கண்டுபுடிச்சிருக்குதுங்க."

மெமரி என்ற வார்த்தையை நான் சொன்ன அழகில் துரை மயங்கிவிட்டார்.

"எடை கூடிருக்கே ஒழிய கொறையலியே, டைப்பிஸ்டம்மா" என்றார் இசக்கிமுத்து.

"இனிமே கொறையப்போகுதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க" என்றேன்.

எனக்கே புல்லரித்தது.

"கம்ப்யூட்டரினு தெற்று பற்றுமோ, இசக்கி?" என்று துரை முடித்துவிட்டார். கம்ப்யூட்டருக்குத் தப்பு வருமா என்றுதான் கேட்டார். அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

மறுநாளே நாலாம் நம்பரில் மருந்து அடித்தார்கள். மருந்து அடித்தால் பத்து நாளைக்கு அங்கே கொழுந்து கிள்ளக் கூடாது. அந்த வாரம் அங்கே கிள்ள வேண்டிய பெண்களைப் பதினோராம் நம்பருக்கு மாற்றினார்கள். அது மலை உச்சி. செங்குத்து. மழைக்கு அட்டை மொய்க்கிற இடம். அந்தக் கூட்டத்துக்கு முன்னத்தி ஆள் பேச்சியம்மா. ஆபீஸ் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது கூடையை இறக்காமலே கத்தினார்: "ஏ டைப்பிஸ்டம்மா! ஒங்க மிசினுக்குக் காலு இருக்கா? இருந்தா மேல வந்து கிள்ளச் சொல்லுங்க!"

நான் தலையை ஆட்டினேன்.

ஹெட் ஆபீஸுக்குப் பதில் தந்தி அடித்தோம். நான்தான் எழுதிக் கொடுத்தேன்: "ஃபீல்டு ஃபோர் ஸ்ப்ரேடு. பக் டெஸ்ட்ராய்டு." மருந்து அடித்தாயிற்று, பூச்சி ஒழிந்தது. எவ்வளவு கம்பீரம்!

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். போகவில்லை. இசக்கிமுத்து மாறிப்போனார்.

அவருக்கு மனசு ஆறவில்லை. தினமும் நாலாம் நம்பருக்குப் போய், ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு செடிக்கடியில் குந்தி உட்கார்ந்து தேடினார். செத்த பூச்சியாவது கிடக்க வேண்டுமே? ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் 'பூச்சியே இல்லை' என்று முடிவு செய்திருப்பார்கள். அவர் 'என் கண்ணு போச்சு' என்று முடிவு செய்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமுளிச் சந்தைக்குப் போய், தட்டில் பரப்பி விற்கிறவரிடம் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவர் கண்ணுக்குச் சேரவே இல்லை. சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். படி இல்லாத இடத்தில் படி ஏறினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் முதல் நாள் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். "டைப்பிஸ்டம்மா, இதை இங்கிலீஸுல நல்லபடியா அடிச்சுத் தாங்க" என்றார்.

படித்தேன். தோட்ட வேலையிலிருந்து தன்னை விடுவித்து, கொழுந்து எடை போடுகிற கொட்டகையில் போடும்படி துரைக்கு விண்ணப்பம்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"கொச்சியில ஒக்காந்துக்கிட்டு ஒரு மிசினு பாக்குது. காலடியில கெடக்கது எனக்குத் தெரிய மாட்டுக்கு. இருவத்தெட்டு வருசமா செடியப் பாத்துதான் சோறு திங்கேன். கண்ணு போனப்புறம் ஏமாத்திச் சம்பளம் வாங்கலாமா?" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காகிதத்தை மிஷினில் செருகினேன். 'மதிப்புக்குரிய ஐயா' வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் தபாலில் கொச்சியிலிருந்து கடிதம். மாத்யூ சார் கையெழுத்து. பிரித்தேன்.

"தாங்கள் ஃபீல்டு நான்கை ஸ்ப்ரே செய்துவிட்டதாகத் தந்தி அனுப்பியுள்ளீர்கள். ஸ்ப்ரே என்பது எந்தவிதமான கம்ப்யூட்டர் நடவடிக்கை என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கையேட்டிலும் இல்லை. தயவுசெய்து விளக்கவும்..."

அடுத்த பாராவில் விஷயம் இருந்தது. ஃபீல்டு என்றால் படிவத்தில் ஒரு பகுதி. நான்காவது ஃபீல்டு, பிறந்த தேதி. பக் என்றால் பிழை. எங்கள் எஸ்டேட்டில் வேலை செய்கிற அத்தனை பேரும் ஒரே மாதம், ஒரே தேதியில் பிறந்திருப்பதாகப் பதிவாகியிருக்கிறதே, இது எப்படிச் சாத்தியம்? பயிற்சியின் இரண்டாம் நாள் மத்தியானமே இந்தச் சொற்களை விளக்கியிருந்தோமே?

நாலாம் நம்பரில் பூச்சி இருந்தது உண்மைதான். அது ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தது.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். துரைக்கு வருகிற தபாலை நான்தான் பிரிப்பேன். யாருக்கும் தெரியாது. ஆனால் மிஷினில் அந்தப் பாதி விண்ணப்பம் செருகிய வாக்கில் அப்படியே இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நாலாம் நம்பருக்கு ஓடினேன். இசக்கிமுத்து கண்ணாடியோடு ஒரு செடிக்கடியில் குந்தியிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் பார்க்கப் போனது, ஐஸ்க்ரீம், என் பிறந்த நாள், துரையிடம் அளந்த கதை – ஒன்றுவிடாமல்.

அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். எதிர் மலையை உற்றுப் பார்த்தார்.

"அப்ப... என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லீங்க."

"பூச்சியும் இல்ல?"

"இல்லீங்க. நான்தானுங்க."

அவர் கண்ணாடியை மடித்து என் கையில் வைத்தார். "இதை நீங்க வச்சுக்கிடுங்க. படிக்காத பாடத்தப் படிக்க ஒதவும்" என்று சொல்லிவிட்டு, நேராக, சீராக, ஒரு கல் தடுக்காமல் இறங்கிப் போனார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. விண்ணப்பத்தை மிஷினிலிருந்து உருவிக் கிழித்துப் போட்டேன்.

துரையிடம் போய் நின்றேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தந்தியைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போள், ஆ பக் நீயாணோ?"

தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையிலேயே அர்த்தம் தெரிந்து ஆட்டிய தலை அதுதான்.

அவரும் அந்த மெமரியில் மயங்கினவர்தானே, அதனால் அதிகம் திட்டவில்லை. ஒரே ஒரு உத்தரவு போட்டார். தொழிலாளிகளை ஆபீஸுக்குக் கூப்பிடக் கூடாது. அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு நானே போய், ஒவ்வொருவராகக் கேட்டு, பிறந்த தேதியை எழுதி வர வேண்டும்.

வேலை செய்கிற இடம் எது? பதினோராம் நம்பர்!

ஏறினேன். பாதி வழியிலேயே காலில் ஏழு அட்டை. பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பேச்சியம்மா ஒரு புகையிலைத் துண்டை நனைத்து என் காலில் தேய்த்துவிட்டார். வலியோடு நான் குதித்த குதிப்பில் மலையே சிரித்தது.

"மன்னிச்சுக்கங்க. என்னாலதான் நீங்கெல்லாம் இங்க ஏற வேண்டியதாப் போச்சு" என்றேன்.

"அதான் நீங்களும் ஏறிட்டியளே, சரியாப் போச்சு. எழுதுங்க" என்றார் பேச்சியம்மா.

அன்றைக்குத்தான் நிஜமாகக் கேட்டேன். மலை சரிந்து தொழிலாளிகளின் பழைய லைன் வீடுகள் இடிந்த வருஷம், துரை பங்களாவுக்கு முதல் ஜீப் வந்த வருஷம், யாருக்கு முன்னால் யார், எந்தப் பொங்கலுக்கு எத்தனை நாள் முந்தி... நான் சும்மா உட்கார்ந்து கேட்டால் எவ்வளவு சொல்கிறார்கள்! இரண்டு வாரம் ஏறி இறங்கினேன். ஃபீல்டு, பக், மெமரி – எல்லாமே நம் பக்கத்தில் புழங்குகிற வார்த்தைகள்தான். பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போய் வேறு வேலை பார்க்கின்றன. கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஏலப்பாறைக்கு வந்த என்னைப் போல, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த இசக்கிமுத்துவைப் போல. "இங்க என்ன வேலை பாக்கறே?" என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் முடிந்திருக்கும்.

பேச்சியம்மாவின் முறை கடைசியாக வந்தது.

"நாப்பதுன்னு போடுங்க" என்றார்.

"ஏனுங்க, உங்க மூத்த பையனுக்கே முப்பத்தெட்டு எழுதியிருக்கறனே!"

"அவன் கொஞ்சம் வேகமா வளந்துட்டான்."

அவர் கவலை எனக்குப் புரிந்தது. வயசு சரியாக எழுதினால் எவ்வளவு சீக்கிரம் வேலையிலிருந்து நிறுத்துவார்களோ என்ற பயம். அன்று பேசிப் பேசி நாங்கள் என்ன வயசுக்கு ஒத்துக்கொண்டோம் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள ரகசியம். பத்திரிகையில் எழுதுகிற விஷயமில்லை.

எழுதி முடித்ததும் பேச்சியம்மா கேட்டார்: "எல்லார் வயசையும் கேக்குதே, அந்த மிசினுக்கு என்ன வயசு?"

தெரியவில்லை. இந்தத் தடவை "தெரியலீங்க. கேட்டுச் சொல்றேன்" என்றேன். புதுப் படிவங்களோடு அனுப்பிய கடிதத்தின் கடைசியில் அந்தக் கேள்வியையும் டைப் அடித்துவிட்டேன். மாத்யூ சார் மரியாதையாகப் பதில் எழுதினார்: செய்து மூன்று வருஷம் ஆகிறது.

மறுநாள் கொழுந்து எடை போடுகிற இடத்தில் பேச்சியம்மாவைப் பிடித்துச் சொன்னேன். அவர் கூடையை இறக்கிவைத்தார். மிஷின்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"மூணு வயசுதானா? பாவம்... அதான் அது என்ன, இது என்னன்னு நொய்யி நொய்யின்னு கேட்டுக்கிட்டே கெடக்கு!"